பருப்புக்கீரையின் தூரத்துச் சொந்தம்

வருஷத்தில் பாதி நாள் துவைத்த துணி காயாத ஊரில், தண்ணீரே இல்லாமல் உயிர் வாழும் செடிகளைத் தேடி அலைந்த ஒரே ஆள் நான்தான். கேமரன் மலையில் இதை வெளியே சொல்ல முடியாது. செருப்பில் பூஞ்சை, சுவரில் பாசி, உப்பு ஜாடியில் உப்புக்குப் பதில் உப்புத்தண்ணீர் என்று வாழும் ஜனங்களிடம் போய், ஒவ்வொரு செடியாகத் தூக்கிக் காட்டி, "இது வறட்சியைத் தாங்குமா?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். சொல்லவும் சொன்னார்கள்.

எழுபதுகளின் பின்பாதி. தேயிலைத் தோட்ட ஆபீஸில் நான் சின்னக் கிராணி. கணக்கு எழுதுகிறவர்களில் கடைசி நாற்காலி. எனக்குக் கொடுத்திருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் சரிவு. மேலே எங்கள் வீடு, கீழே தொழிலாளர்களின் லயத்து வீடுகள். ஒவ்வொரு மழைக்கும் சரிவு கொஞ்சம் கரைந்து லயத்துக் கால்வாயில் போய் உட்காரும். ஒருநாள் தோட்ட மேனேஜர், எங்கள் பேச்சில் துரை, அந்தப் பக்கம் வந்தவர், "அதுல எதையாச்சும் நடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வெள்ளைக்காரர் இல்லை; வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், துரை என்ற சொல் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் நாலு கூடை புல்லை வெட்டிக்கொண்டு வந்து பதித்திருப்பார்கள். நான் புத்தகம் படிக்கிறவன். முன்பிருந்த ஒரு துரையம்மா ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்ற தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சதைப்பற்றுள்ள படர்செடிகள். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளுமாம். வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்ற இடத்தில் நான் விழுந்தேன். ஊற்றாமல் இருப்பது வேறு, வானம் ஊற்றிக்கொண்டே இருப்பது வேறு என்பது அப்போது உறைக்கவில்லை.

தேர்வு நடந்தது எங்கள் அடுப்படி ஓரத்துத் தகரக் கூரையின் கீழ். கவிழ்த்துப்போட்ட பிஸ்கட் டின் மேல் கிள்ளிய துண்டுகளை வரிசையாக வைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காத்திருப்பேன். வாடாமல் இருக்க வேண்டும். ஒடித்துப் போட்டால் வேர்விட வேண்டும். தரையோடு தரையாகப் படர வேண்டும். என் மனைவியின் கோழிகள் மேலே நடந்தால் பிழைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் இத்தனை நிபந்தனை போட்டதில்லை என்று அவள் சொன்னாள்.

முதலில் பத்துமணிப் பூ. வெயில் ஏறியதும் பத்து மணிக்கு விரியும் பூ. எங்கள் மலையில் பத்து மணிக்கு மூட்டம் கலைந்தால் அதிசயம். மொட்டு காத்திருந்து காத்திருந்து, விரியாமலே உதிர்ந்தது. அடுத்தது சிவந்த தண்டும் விரல் பருமன் இலையுமாக ஒன்று. டின் மேல் ராஜா மாதிரி இருந்தது. சரிவில் நட்டு ஒரு வாரம் மழை பெய்தது. உப்பி, வெடித்து, அழுகி, கீழ் லயம் வரைக்கும் நாறியது. மூன்றாவது, கியா பார்ம் பக்கம் நாற்று விற்கும் சீன முதலாளி, தவுக்கேயிடம் வாங்கியது. ஊறவைத்த அரிசிமணி போன்ற இலை. எங்கே ஒடித்துப் போட்டாலும் அங்கேயே பிடித்துக்கொண்டது. சரிவு செங்குத்தாக இருந்ததால் மழைத் தண்ணீர் தங்காமல் ஓடி, இது அழுகாமல் தப்பியது. என் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பெயர் என்னவென்று தவுக்கேக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அது மாதிரி முப்பது படம் இருந்தது. ஆனால் போகிறவர் வருகிறவர் கேட்பார்களே? தெரியாது என்று சொல்லப் படித்தவனுக்கு நாக்கு வருமா? இலையைப் பார்த்தால் கொஞ்சம் பருப்புக்கீரைச் சாயல் இருந்தது. "நம்ம பருப்புக்கீரைக்குச் சொந்தம்" என்று சொல்லி வைத்தேன். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

லயத்தில் சொந்தம் என்ற சொல்லுக்கு ஒரு எடை உண்டு. பருப்புக்கீரை வீட்டுக்குள் எதுவரை வருமோ, அதன் சொந்தமும் அதுவரை வரலாம் என்று அர்த்தம்.

அந்த வருஷம் தைப்பூசம் கழிந்ததும் மழை நின்றது. வழக்கமாகக் கொஞ்ச நாள் காய்வதுதான்; இது நின்றபடியே நின்றது. ஓடையிலிருந்து வரும் பைப்பைக் காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்தார்கள். தேயிலை கொழுந்து விடவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்திகள் காய்ந்து சருகாயின. மலையே பழுப்பாகிக்கொண்டு வரும்போது, பச்சைப் பசேலென்று மினுமினுத்தது என் சரிவு ஒன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முடிந்து வருகிறவர்களை நிறுத்திக் காட்டினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரசரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், கொட்டாவியோடு.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். சரிவின் நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் செம்மண். கோழி கிளறியதில்லை, கத்தியால் ஒழுங்காக அறுத்திருந்தது.

"கீழ் வீட்டு அக்காதான் வந்து அறுத்துட்டுப் போச்சு" என்றாள் என் மனைவி. "காலையில, நீங்க ஆபீஸ் போனதும். மருமகளுக்குக் கீரை குடுக்கணும்னு டிரசர் சொன்னாராம், ரத்தம் கம்மியாம். எங்க தேடியும் கீரை இல்ல, கொஞ்சம் எடுத்துக்கவான்னு கேட்டுச்சு."

"நீ எடுத்துக்கன்னுட்டியா?"

"நீங்கதானே பருப்புக்கீரைக்குச் சொந்தம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க? நான் எப்படி இல்லன்றது?"

அந்த மருமகளுக்கு நிறைமாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்து பறிக்கப் போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டினேன். வடிகால், மண், நிறம், பனி என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும், இந்த இனத்தில் சில வகைகள் வாயை எரிக்கும், வயிற்றைப் புரட்டும் என்று ஒரு வரி. எந்தச் சில வகை என்று இல்லை.

கீழே ஓடினேன். மாமியார்க்காரி வாசலில் உட்கார்ந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். காலி சட்டி.

"அக்கா, அந்தக் கீரை..."

"வாங்கய்யா. இப்பத்தான் கடைஞ்சேன். நல்லாருந்துச்சு, லேசா புளிப்பு. புள்ள ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டுச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்க மிச்சம் வச்சா?"

உள்ளே அந்தப் பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதாம்மா?"

"இல்லைய்யா." கொஞ்சம் யோசித்தாள். "தொண்டைதான் கரகரன்னு இருக்கு. ஏன்யா?"

ஏன் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். "அது சாப்பிடற கீரை இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. மாமியார் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண்ணின் புருஷன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். தேயிலை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியிருந்தான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவளை டிரசரிடம் நடத்திக்கொண்டு போனோம். டிரசர் நாடியைப் பிடித்தபடியே என்னைக் கேட்டார்.

"என்ன செடிய்யா அது?"

"தெரியலை."

"பேரு?"

"தெரியலை."

"பருப்புக்கீரைக்குச் சொந்தம்னியே?"

"சாயலைப் பார்த்து நானா சொன்னது."

"யோவ் கிராணி, விஷம்னா வாந்தி எடுக்க வைக்கணும். இந்த வயித்தோட வாந்தி எடுக்க வச்சா அது வேற வம்பு. எதுன்னு தெரியாம நான் எதையும் குடுக்க முடியாது. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துரை ஜீப்பைக் கேக்கறேன். அதுக்குள்ள வித்தவன்ட்ட போய்க் கேட்டுட்டு வா. போ லா, நிக்காத!"

சரிவில் ஒரு கொத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பிரிஞ்சாங்கில் சனிக்கிழமைச் சந்தைக்குக் கடை போடுகிறவர்கள் ரோட்டையே அடைத்துக்கொண்டிருந்தார்கள். கோஸ் மூட்டைகளுக்கும் கம்பங்களுக்கும் நடுவே ஹாரன் அடித்தபடி ஊர்ந்தேன். ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பெண்ணின் கை வயிற்றின்மேல் போனதே கண்ணில் நின்றது.

தவுக்கே கொத்தை வாங்கிப் பார்த்தார். சாப்பிடலாமா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "புங்கா லா! சாயோர் புக்கான்!" என்றார். பூ, காய்கறி இல்லை. அது எனக்கும் தெரியும், சாப்பிட்டால் என்ன ஆகும் என்றேன். நான் விற்கிறவன், தின்கிறவன் இல்லை என்றார். நான் போகாமல் நிற்பதைப் பார்த்துப் பின்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா வந்து, கொத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, தங்கள் வாத்துகள் இதைத் தின்னும் என்றாள். வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆகவில்லை. அப்புறம் அந்த வாத்துகள் எங்கே? சீனப் புது வருஷத்துக்கு நாங்கள் தின்றுவிட்டோம் என்றாள்.

இவ்வளவுதான் கிடைத்த தகவல். இதைக் கொண்டுபோய் டிரசரிடம் எப்படிச் சொல்வது? தேயிலைச் சரிவு ஓரத்தில் மோட்டாரை நிறுத்தினேன். பையிலிருந்த கொத்தை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, பச்சையாகவே வாயில் போட்டு மென்றேன். அவள் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு என்ன ஆகும் என்று தெரிவதற்குள் அவளுக்கு ஆகிவிடும். அந்த எளிய கணக்குகூட ஒரு கணக்கருக்குத் தோன்றவில்லை. புளித்தது, கொஞ்சம் துவர்த்தது. மீதி வழியெல்லாம் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, வயிற்றைப் பார்த்து ஓட்டினேன்.

திரும்பியபோது ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

"வலி வந்துருச்சு" என்றார் டிரசர். இதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை, நெற்றி வேர்த்திருந்தது. "பிள்ளை வலியா, கீரை வலியான்னு எனக்குச் சொல்லத் தெரியல. தவுக்கே என்ன சொன்னான்?"

"வாத்து சாப்பிட்டுச்சாம்."

அவர் என்னை அடிக்கவில்லை. அதற்கு நேரம் இல்லாததுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஜீப்பின் பின்னால் அவள் மாமியார் மடியில் படுத்திருந்தாள். வளைவுக்கு வளைவு உடம்பு முறுக்கிக்கொண்டது. "ஆத்தா, இதையாச்சும் குடுத்துரு" என்று மாமியார் வாய்விட்டு வேண்டிக்கொண்டே வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். என்னைவிட இளையவராகத் தெரிந்த ஒரு டாக்டர், நான்தான் புருஷனா என்று கேட்டார். இல்லை, நான் செடி என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. பிறகு விளக்கினேன். கையில் கசங்கியிருந்த மிச்சக் கொத்தை வாங்கி மோந்து பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் மாமியார் ஒரு முனை, நான் ஒரு முனை. என் வயிறு புரட்ட ஆரம்பித்தது. இது பயமா, இலையா? இலை என்றால் உள்ளே இருக்கிறவளுக்கும் இதுதான். எழுந்து ஓடிச் சாக்கடை ஓரமாக எல்லாவற்றையும் கக்கினேன். திரும்பி வந்து, அந்தம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை கத்தியது.

மாமியார் எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்தார். பெண் குழந்தை, நல்ல எடை, தாய்க்கும் ஒன்றுமில்லை. சாதாரணப் பிரசவ வலிதான். தொண்டைக் கரகரப்பைக் கேட்டேன். சளி பிடித்திருக்கிறது என்றார். என் வாந்தியைச் சொன்னேன். மண்ணோடு பச்சையாகத் தின்றால் யாருக்கும் வரும் என்றார். கீரையால் ஏதாவது ஆகியிருக்குமோ என்றேன். எதுவும் ஆகாதபோது என்னவென்று சொல்வது என்று கேட்டுவிட்டு நடந்தார்.

பிள்ளையும் தாயும் லயத்துக்கு வந்த பிறகு, மனைவியோடு ஒரு சவுக்காரக் கட்டியும் பால் டின்னும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். மனசுக்குள் ஒரு சின்ன எண்ணம் இருந்ததை மறைப்பானேன்? செடி என்னுடையதுதான், ஆனால் நேரத்தோடு டிரசரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, மோட்டாரில் பறந்தது, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனது, இதையெல்லாம் ஒருவர் குறிப்பிட்டால் அடக்கமாக மறுக்கலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன்.

மாமியார் பிள்ளையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"கீரைய ஒண்ணும் குத்தம் சொல்லக்கூடாதுய்யா. நீங்க ஓடி வந்து அந்த மூஞ்சியோட நின்னீங்க பாருங்க, அதுலதான் இவளுக்கு வலியே வந்துச்சு. இல்லாட்டி பேத்தி இன்னும் ஒரு வாரம் உள்ள கெடந்து, சனிக்கிழமையில வந்து விழாம வெள்ளிக்கிழமையா பாத்துப் பொறந்திருக்கும்."