பாப்பம்மா அக்காவும் பன்னிரண்டு பெண் முயல்களும்

பாப்பம்மா அக்கா யாரையும் லேசில் நம்ப மாட்டார். கடைக்காரன் தராசை நம்ப மாட்டார், பஸ் கண்டக்டரை நம்ப மாட்டார், டாக்டரின் ஊசியைக் கொஞ்சமும் நம்ப மாட்டார். 1991-ல் சூளகிரிக்கு அருகே ஒரு முயல் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"வெளியேர்ந்து கீரை எதுனா கொண்டாந்து முயலுக்குப் போட்டுடப் போறே. வயிறு ஊதிப் பொட்டுனு போயிடும்" என்றார்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். லாரியில் கிளீனராகப் போன புருஷன் திரும்பி வரவில்லை. ஓசூரில் கம்பெனிகள் பெருகியதைக் கேட்டு வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று ஒரு கேட்டிலும் உள்ளே விடவில்லை. முயல் பண்ணைதான் விட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தது. வேலை போனால் அந்த அறையும் போகும். முயல்களிடம் தெலுங்கில் கொஞ்சுவார், வாட்ச்மேனிடம் கன்னடத்தில் சண்டை போடுவார், மிச்சம் இருந்த தமிழ் எங்களுக்கு.

நான் பண்ணையின் கால்நடை டாக்டர் நல்லுசாமியின் அறையில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கொதிக்க வைப்பேன். அதிகம் பேச மாட்டேன். அதனால் எல்லாரும் என் எதிரிலேயே எல்லாம் பேசினார்கள்.

டாக்டர் செய்தது இதுதான். பன்னிரண்டு நல்ல பெண் முயல்களைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் காலையும் மாலையும் ஊசி போடுவார். சாதாரணமாக எட்டு, பத்து முட்டை விடும் முயல் அந்த ஊசிக்கு முப்பது, நாற்பது விடும். பிறகு ஆணோடு சேர்த்து, காது நரம்பில் இன்னோர் ஊசி. மூன்றாம் நாள் மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து, இளஞ்சூட்டு நீரைச் செலுத்திக் கருக்களைக் கிண்ணத்தில் கழுவி எடுத்து, வேறு முயல்களின் வயிற்றில் வைப்பார்.

"ஒருத்தி புள்ளைய இன்னொருத்தி வயித்துல வெக்கிறதாம். எங்கியோ வித்துட்டு நம்மகிட்ட கதை சொல்றாரு" என்றார் அக்கா.

இரண்டு முறை செய்தும் கிண்ணத்தில் ஒன்றும் தேறவில்லை. மூன்றாம் முறை ஐந்து முயல்கள் ஆணை அண்டவே விடாமல் உறுமின. இரண்டு தங்கள் மார்பு மயிரைப் பிடுங்கிக் குட்டி போடப்போவதுபோல் மெத்தை அமைத்தன. ஒன்றைத் திறந்து பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. முட்டைப் பையில், ஏற்கெனவே முட்டை விட்டதற்கான பழைய தழும்புகள் இருந்தன.

"ஊசிக்கு முன்னாடியே யாரோ ஆண விட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்குக் கிளம்பினார்.

சூப்பர்வைசர் நாராயணப்பனுக்கு அது போதும். கொட்டகைச் சாவி பாப்பம்மாவிடம். மெத்தை இருக்கிறது, குட்டிகள் இல்லை.

"குருபரப்பள்ளி ஓட்டல்ல கிலோ என்னா விலைக்குப் போடறே பாப்பம்மா?"

"ஏன், நீ வாங்கித் துன்னியா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. திங்கக்கெழமை டாக்டர் வரட்டும். மூட்டையக் கட்டி வெச்சிக்கோ."

எனக்கும் சந்தேகம்தான். தினமும் மாலையில் அக்கா முந்தானைக்குள் எதையோ மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை அறைவரை பின்னாலேயே போனேன். உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி. மறைத்துக் கொண்டுபோனது முயல்கள் தின்று மிஞ்சிய குதிரைமசால் தீவனக் காம்பு. திருட்டுதான், ஆனால் முயல் இல்லை.

சனிக்கிழமை கூண்டு கழுவும் நாள். கம்பியில் ஒட்டிய மயிரைக் கருக்க மண்ணெண்ணெய் விளக்கைக் காட்டுவார் அக்கா. கூண்டு சூடு ஆறும்வரை அந்த முயலைப் பக்கத்துக் கூண்டுப் பெண் முயலோடு விடுவார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் ஒன்று இன்னொன்றின் முதுகில் ஏறி, ஆண் முயல் செய்வதுபோலவே செய்தது. அடுத்த ஜோடியும் அப்படியே. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கூண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆண் சேர்ந்தால்தான் முயல் முட்டை விடும், பூனையும் அப்படித்தான் என்று டாக்டர் யாருக்கோ விளக்கியதைக் கேட்டிருந்தேன். இதற்கும் விடுமோ?

திங்கட்கிழமை டாக்டர் கைகழுவும்போது சொன்னேன். ஓர் ஆம்பளையிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"சார்... பொட்டையும் பொட்டையும்... ஒண்ணுமேல ஒண்ணு ஏறுதுங்க. சனிக்கெழமை, கூண்டு கழுவும்போது."

டாக்டர் குழாயை மூடவில்லை. "எத்தனை நாளா?"

"வாரா வாரங்க. அக்கா ஆண் முயல் கூண்டப் பக்கம்கூடப் போவலீங்க."

"ஆண் கூட விடாதேன்னுதான் நான் சொன்னேன்" என்றார் அவர், தனக்குத்தானே. "தனித்தனியா வைன்னு சொல்லல."

நாராயணப்பன் விடவில்லை. "அப்ப குட்டிங்க எங்க சார்?"

"குட்டியே கெடையாதுய்யா. ஒண்ணு ஏறினதுக்கே முட்டை விட்டு, சினைன்னு தானே ஏமாந்து மயிரப் பிடுங்கியிருக்கு. அதனாலதான் ஊசியும் பலிக்கல."

"ஏறிப் படுத்தா சினையாவுமா? நல்லா இருக்குது சார் கதை."

டாக்டரும் முழுதாக நம்பியதுபோல் தெரியவில்லை. சாவியை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு ஒவ்வொரு முயலும் தனியாக இருக்க வேண்டும். அடுத்த முறையும் கிண்ணம் காலியாக இருந்தால் அக்கா போய்விட வேண்டும். அந்த மூன்று வாரமும் அக்கா என்னோடு பேசவில்லை. ஆட்டுக்குட்டியை மட்டும் வேப்பனப்பள்ளிக்கு யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழிந்து ஊசி போட்டார்கள். எந்த முயலும் உறுமவில்லை. முதல் முயலைக் கழுவியபோது டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி எண்ணினார். முப்பத்து நான்கு. நாராயணப்பன் வாசலிலிருந்து மெல்ல நகர்ந்தார். டாக்டர் சாவியை நீட்டினார். அக்கா சட்டென்று வாங்கவில்லை. நுண்ணோக்கியில் தானும் பார்க்கவேண்டும் என்றார்.

வெகுநேரம் பார்த்தார்.

"வேகவெச்ச ஜவ்வரிசி மாதிரி கீது. இது குட்டியா?"

"ஆமாம்மா."

"எனக்கென்னா தெரியும். நீங்க சொல்றீங்க" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னை நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏம்மா ஜெபசீலி, எத்தினி நாளா என்னைப் பாத்துனு இருந்தே?"

நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று பயந்தேன்.

நான் கல்யாணமாகிப் பாரூருக்குப் போகும்வரை இரண்டு வருடம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூண்டு கழுவும்போது அக்கா என் ஜன்னலைப் பார்த்துக் கொட்டகையே அதிரக் கத்துவார்:

"ஜெபசீலி, வந்து பாத்துக்கோ! ஒண்ணொண்ணாத்தான் வெச்சிருக்கறேன்!"

நானும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.