அவன் ஜெபிக்க முழங்காலிடவில்லை

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கையில் ஒரு கொத்தனார் கரணையோடு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கரமனை ஆற்றங்கரையில், சதுப்பு மண், ஒன்றும் நிற்காது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் மாடி வீடு எழுப்பினேன். கல்லாற்றில் நான் கட்டிய தடுப்புச் சுவரை மலைவெள்ளம் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. விதுரா போகிற வழியில் மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயில் கோபுரம். அதற்கு நான் கூலி வாங்கவில்லை. அதன் கல்வெட்டில் என் பேரும் இல்லை.

இத்தனையும் ஒரு தட்டில் வைத்தாலும் என் மகன் ஜெபசிங்கின் முதுகெலும்புக்கு ஈடாகாது. அதை நிமிர்த்தியதில் எனக்குப் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் தீராத முதுகுவலியோடு இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஜெபசிங் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் மிஷனரி. எங்கள் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். அந்தக் கைப்பிடி அரிசி விற்ற காசுதான் அவனை அனுப்பியது. ஆகவே விடுமுறைக்கு அவன் வந்தபோது சபையே வேன் பிடித்து விமான நிலையத்துக்கு வந்திருந்தது. மாலை, பாட்டுக் குழு, செயலாளர் ராஜையன், எல்லாம்.

வெளியே வந்தவன் கையிலிருந்து பாஸ்போர்ட் நழுவி விழுந்தது. அவன் குனியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகை விறைப்பாக வைத்தபடி, இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றினான். கண்ணை இறுக மூடியிருந்தான். தாய்மண்ணைத் தொட்டதும் பையன் ஜெபிக்கிறான் என்று எண்ணி எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அங்கேயே முழங்காலிட்டார்கள். ஸ்தோத்திரப் பாட்டு எழும்பியது. டாக்சிக்காரர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

நான் மட்டும் நின்றேன். சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு இல்லாமலே எனக்குத் தெரியும். எழும்பும்போது அவன் தன் தொடைகளையே பிடித்துப் பிடித்து ஏறினான்.

"மக்களே, முதுகு என்ன செய்யுது?" என்று அவனிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. அங்க கோயில் கட்ட செங்கல் சுமந்தேன்லா, அந்த வலியாக்கும்."

"நானும் ஆயுசு பூரா செங்கல் சுமந்தவன்தாம்லே. அந்த வலி குனிய விடும்."

மறுநாள் வரவேற்புக் கூட்டம். பந்தலில் எல்லோரும் காத்திருக்க, நான் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ராஜையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

டாக்டர் அம்மா மலையாளி. முதுகுத்தண்டில் விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அழுத்தியதும் பையன் அலறிவிட்டான். எம்.ஆர்.ஐ. (காந்த சக்தியால் உடம்புக்குள் படம் பிடிப்பது) எடுத்தார்கள். ஊசிவழியாக ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முதுகெலும்புக் காசநோய் (நெஞ்சைப் பிடிக்கிற அதே கிருமி எலும்பை அரிப்பது) என்று உறுதியானது. சீழ் கட்டி, தண்டுவடத்தை (காலுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புக் கயிறு) அழுத்தத் தொடங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கால்கள் விழுந்திருக்கும்.

"ஆப்பிரிக்கா நோய்" என்று சொந்தக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். அங்கே ஒட்டியதா, முன்பே இங்கே ஒட்டி உடம்பில் உறங்கிக் கிடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை வந்தவர்களிடமெல்லாம் நான் உரக்கச் சொன்னேன்.

எத்தனை மாதம் படுக்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"மேஸ்திரி, வார்ப்பு போட்டா அடியில முட்டு கொடுக்குமல்லோ, அது எப்ப எடுப்பீங்க?"

"கான்கிரீட் நல்லா இறுகின பெறகு, டாக்டரே."

"முன்னாடி எடுத்தா?"

"மேல நிக்கிறவன் கீழ வருவான்."

"அத்ரயேயுள்ளூ, அவ்வளவுதான். மருந்து உள்ள வார்க்கும். கட்டில்தான் முட்டு. நான் பறையாம எடுக்க வேண்டா."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் என் மனைவி மேரியும் அவனை மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் முதுகு முறுக்காமல் ஒரே சீராகப் புரட்டினோம். படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. மாத்திரையால் சிறுநீர் காவி நிறத்தில் போனது. பயப்பட வேண்டாம், மருந்தின் சாயம் அது. வாந்தி எடுத்தால் கஞ்சி, அதையும் எடுத்தால் மறுபடி கஞ்சி. அரையாள் பருமன் ஆகிவிட்ட பிள்ளைக்கு மீனும் முட்டையும் ஊட்டியது இந்தக் கை.

அந்த மாதங்களில்தான் அவன் அங்கே என்ன வேலை செய்தான் என்று எனக்குத் தெரிந்தது. விடியுமுன் அடிபம்பில் பெண்களுக்குப் பின்னால் வரிசை நிற்பான். மக்காச்சோளக் களி தின்றுவிட்டு ஊர் ஊராகச் சைக்கிள் மிதிப்பான். மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்து. அபூசா, அபூசா என்று கூப்பிடுவார்களாம். போதகர் என்று அர்த்தம். கல்யாணத்தைவிட அடக்கத்துக்குத்தான் அதிகம் போயிருக்கிறான். சாயங்காலம் காய்ச்சல் அடிக்க, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்திருக்கிறான்.

"ஏம்லே சொல்லல?" என்றேன்.

"வலிக்குன்னு சொன்னா, பிடியரிசி எடுத்து வைக்கிற அம்மாமாருக்கு மனசு சங்கடப்படும்லாப்பா. ஜெயமா போகுதுன்னு சொல்லத்தானே அனுப்பினாங்க."

இதைப் படிக்கிற மிஷனரிமாரே, உங்கள் முதுகு அரிசி கொடுத்தவர்களுக்குக் கடன்பட்டதல்ல.

ஒருநாள் ராஜையன் ஜெபக்குழுவோடு வந்தார். உருக்கமாகத்தான் ஜெபித்தார், குறை சொல்ல மாட்டேன். முடிவில் ஜெபசிங்கின் கையைப் பிடித்து, "தம்பி, விசுவாசத்தோட எழும்பி நட" என்றார்.

பையன் கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டான். எழும்பத்தான் போகிறான். நான் அவன் நெஞ்சில் கையை வைத்து அமர்த்தினேன்.

"லேய், பேசாம கெட."

"மேஸ்திரி, அவிசுவாசம் பேசாதீரும்."

"நான் அவிசுவாசி இல்ல வோய். நம்ம கோபுரம் வார்த்தப்போ, விசுவாசத்தோட முட்டு எடுன்னு ஏன் சொல்லல நீரு? அடியில நின்னது நீரு, அதனாலயா?"

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபசிங்குக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று பல்லைக் கடித்தான். ராஜையன் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

முட்டு எடுக்கும் நாளை டாக்டர்தான் சொன்னார். பிரேஸ் (மார்பிலிருந்து இடுப்புவரை பிடிக்கும் கவசப்பட்டை) மாட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நின்றான். தோள் நடுங்கியது. அவனுடைய நடுக்கம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

மருந்து முடிந்தது. கடைசிப் படம் பார்த்த டாக்டர், இரண்டு எலும்புகள் ஒன்றாக இறுகிவிட்டன என்றார். நடக்கலாம், ஊழியத்துக்குத் திரும்பலாம். ஆனால் பழையபடி குனிய முடியாது. இனி எது கீழே விழுந்தாலும் முழங்காலிட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆயுசுக்கும்.

இப்போது சபை மலர் வந்திருக்கிறது. மேரி வாசித்துக் காட்டினாள். 'தாய்மண்ணை மிதித்ததும் நம் மிஷனரி முழங்காலிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினார். பின்பு பிணியுற்று, சபையின் ஜெபத்தால் எழும்பினார்.' விமான நிலையப் படமும் இருக்கிறது. அத்தனை பேரும் முழங்காலில். பின்னால் நிற்கும் என்னைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள்.

ராஜையனிடம் போனேன். "அதுக்கென்ன மேஸ்திரி, மகிமை ஆண்டவருக்குத்தானே" என்றார்.

ஆண்டவர் பங்கை முழுசாக அவருக்கே கொடுங்கள். டாக்டர் பங்கு, அரிசி எடுத்து வைத்த பெண்கள் பங்கு, எல்லாம் கொடுங்கள். ஆனால் நாளை இன்னொரு பிள்ளை முதுகு விறைத்து எங்கோ முழங்காலிடுவான். இந்த மலரைப் படித்தவர்கள் அவனைச் சுற்றி நின்று பாட்டுப் பாடுவார்கள். அவன் கால்கள் போய்விடும். அதற்கு யார் பதில் சொல்வது?

வார்ப்பு எந்த நாளில் இறுகும் என்று எனக்குத் தெரியும் என்றே வாழ்ந்தேன். உடம்புக்கு வேறு காலண்டர் இருக்கிறது. இப்போது தெருவில் போகிற எல்லோருடைய முதுகையும்தான் பார்க்கிறேன். இன்று காலை ஜெபசிங் வாசலில் முழங்காலிட்டான். சாவி எடுக்கிறானா, ஜெபிக்கிறானா என்று எனக்கே தெரியவில்லை. அவன் எழும்பும்வரை காத்து நின்றேன். அடுத்த வாரம் அவன் மலாவிக்குத் திரும்புகிறான்.

ஆகவே சபையாரே, அடுத்த மலரில் இப்படித் திருத்தி அச்சடியுங்கள். அன்று அவன் ஜெபிக்க முழங்காலிடவில்லை. அவனால் குனிய முடியவில்லை. அதைக் கண்டவர், நின்றுகொண்டிருந்த அவன் தகப்பன் தங்கையன் மேஸ்திரி. படத்தையும் வெட்டாமல் போடுங்கள். கோபுரக் கல்வெட்டில் என்னை விட்டது விட்டதாகவே இருக்கட்டும். இதில் என் பேர் வர வேண்டும்.