ஏரிப்பக்கத்து முனை

எனக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது மட்டையால். எழுத்துத் தேர்வு கிடையாது. நேர்முகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: நீ ஓப்பனிங் ஆடுகிறவனா, நடுவில் ஆடுகிறவனா? ஓப்பனிங் என்றேன். அடுத்த மாதமே ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தா நாற்காலி தந்தார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். மகனுக்குக் குமாஸ்தா வேலை என்று மட்டும் போதகரிடம் சொன்னாள், கிரிக்கெட் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் என்னிடம் கேட்டாள். "ஏல, பந்து அடிக்கதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்கு?"

ஆமாம், அதற்குத்தான் கொடுத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஹைதராபாத்தைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளும் வங்கிகளும் ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டு, கோயில் திருவிழா மாதிரி போட்டி நடத்தின. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன் காலையில் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு மணி வரை ஃபைலைப் புரட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம். "மாப்பிள்ளை கிளம்பியாச்சு" என்று பிரிவே பொருமும். திங்கட்கிழமை காலை தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு "எத்தனை?" என்பார். ஐம்பதைத் தாண்டியிருந்தால் அவர் செலவில் டீ. இல்லாவிட்டால் அன்று என் மேஜையில் ஃபைல் குவியும். எனக்கு முன்கோபம் அதிகம். இரண்டு தடவை அந்தக் குவியலைத் தூக்கி எறிந்திருக்கிறேன். பொறுக்கி அடுக்கியதும் நான்தான்.

இந்தச் சுகத்தில் ஒரு முள்ளும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் வேலை நிரந்தரமாகும். அதற்கு விளையாட்டுச் செயலாளர் நல்லபடியாக அறிக்கை எழுத வேண்டும். ஒழுங்குக் குறைவு என்று ஒரு வரி எழுதினால் போதும், மட்டையும் கையுமாக வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

என்னோடு ஓப்பனிங் இறங்கியவனை அணியில் எல்லோரும் "உன் ஜோடி" என்றே சொல்வார்கள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என்னைவிட நான்கு வயது மூத்தவன், தபால் பிரிவில் நிரந்தர ஊழியன். முறைப்படி அண்ணே என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ரன் ஓடும்போது அண்ணே சொல்லிக்கொண்டிருந்தால் ஸ்டம்பு போய்விடும். அதனால் வாடா, போடாதான். ஓடலாம் என்றால் அவன் ஹைதராபாத் உருதுவில் "ஹவ்!" என்பான், வேண்டாம் என்றால் "நக்கோ!" எனக்கும் அதுவே பழகிவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அணி எங்கள் கூச்சலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

ஆட்டத்தில் நாங்கள் ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு ஆட்கள். நான் பின்காலில் நின்று, எழும்பி வரும் பந்தை வெட்டுவேன், இழுத்து அடிப்பேன். அவன் முன்காலை நீட்டி, பந்தின் தலையைத் தடவிக் கொடுப்பதுபோல் ஆடுவான். அவன் ஒரு மணி நேரம் நின்றால் பந்து பழசாகிவிடும், பின்னால் வருகிறவர்களுக்கு விருந்துதான். பெயர் என்னவோ எனக்குத்தான் வந்தது.

அப்போது எங்கள் மைதானங்களில் புல் விக்கெட் கிடையாது. களிமண் தரையில் கயிற்றுப் பாயை விரித்து, இழுத்து, ஓரங்களில் ஆணி அடிப்பார்கள். பாய் விறைப்பாக இருந்தால் பந்து நம்பின மாதிரி வரும். தளர்ந்திருந்தால் பாயைக் கவ்வித் துள்ளும், திரும்பும், என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பந்தை வாங்குகிறவர்கள்தான் பாயை விரிக்க வேண்டும். மைதானத்தின் ஒரு பக்கம் ஏரி, எதிர்ப்பக்கம் ஷாமியானா. ஏரிப்பக்கத்து முனைக்கு நான் ஆணி அடிப்பேன், ஷாமியானா முனைக்கு அவன்.

நான் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தபோது தொழிற்சாலைகளுக்கான போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். மாநில அணியின் தேர்வாளர் ஆட்டம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அந்த மாநில அணியில் ஓப்பனிங் இடம் ஒன்று காலியாக இருந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. இந்த முறை விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று காலை ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். தொழிற்சாலையில் அவர் பெரிய அதிகாரி. டாஸ் ஜெயித்தால் முதலில் பந்து வீசப் போகிறோம், ஏரிப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்வாக விடு, நம் சுழல்காரனுக்கு உதவும் என்று என் காதில் சொன்னார். ஊரில் எல்லா அணியும் செய்கிற தில்லுமுல்லுதான். நானும் மூன்று ஆணிகளைப் பெயருக்கு மட்டும் செருகி வைத்தேன்.

டாஸில் தோற்றோம். எதிரணி எங்களையே ஆடச் சொல்லிவிட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு பாயைச் சரிசெய்யக் கிளம்பினேன். பாதி தூரம் போவதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார். கேப்டன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். தேர்வாளர் சிரித்துக்கொண்டே, ஜோடியாக நிற்கிறீர்கள், எனக்கு ஒருவன்தான் வேண்டும் என்றார். நான் சுத்தியலை மைதானக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கால்காப்பு கட்டப் போனேன். மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் அது பொய்.

முதல் பந்தை எப்போதும் வாங்குவது நான். அன்று முதல் ஓவர் ஏரிப்பக்கத்து முனைக்கு வந்தது. "வயிறு சரியில்ல, இன்னைக்கு நீ எடு" என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் போய் நின்றான். மட்டையால் பாயை இரண்டு தட்டு தட்டினான். பிறகு தலையைத் தூக்கி எதிர்முனையில் நின்ற என்னைப் பார்த்தான். நான் ஃபீல்டர்களை எண்ணுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு ஓவரும் மாறி மாறி ஒரு முனைக்கு வரும். ஷாமியானா முனையில் நான் ஆறு பந்தையும் ஒற்றை ரன் எடுக்காமல் ஆடி முடித்தால், அடுத்த ஓவர் ஏரிப்பக்கத்தில் நிற்கும் அவன் தலையில் விழும். அங்கே அவன் ஒரு ரன் எடுத்தால் நான் அந்தப் பக்கம் போக வேண்டிவரும். அதனால் அவன் ரன் எடுக்கக் கூடாது. அந்தக் கணக்கை நான் எவ்வளவு வேகமாகப் போட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. முதல் ஓவரில் பந்தைத் தட்டிவிட்டு "ஹவ்!" என்றான். "நக்கோ!" என்று கத்தினேன். மூன்றாவது ஓவரிலும் அப்படியே. ஐந்தாவது ஓவரில் பந்து தாராளமாக இடைவெளியில் போனது, நடந்தே போய் எடுத்திருக்கலாம். "ஹவ்!" என்று பாதி தூரம் ஓடி வந்தான். நான் கையை நீட்டித் திருப்பி அனுப்பினேன். அடுத்த பந்து பாயைக் கவ்வி எழும்பிக் கையுறையில் பட்டு ஸ்லிப்பில் நின்றவன் கைக்குப் போனது, அவுட். அவன் ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

அடுத்து வந்தது கேப்டன். பாயை ஒரு தட்டு தட்டினார். உடனே அம்பயரைக் கூப்பிட்டு ஏரிப்பக்கத்தை இழுத்து அடிக்கச் சொன்னார். அதிகாரியிடம் யார் கேள்வி கேட்பார்கள்? இரண்டு நிமிஷத்தில் பாய் விறைப்பாகிவிட்டது. மாலை வரை ஆடிச் சதம் அடித்தேன். மாநில அணியில் என் பெயர் வந்தது. ஆறு மாதத்தில் வேலையும் நிரந்தரமானது. அம்மா மறுபடி காணிக்கை போட்டாள். அன்று சபையில் எல்லோரும் பாடும்போது எனக்குத்தான் வாய் திறக்கவில்லை.

மாநில ஆட்டங்கள் புல் விக்கெட்டில் நடந்தன. பாயில் வளர்ந்தவன் புல்லில் ஆடினால் என்ன ஆகும் என்று முதல் சீசனிலேயே தெரிந்தது. பந்து எழும்பவில்லை. நான் பின்காலில் காத்திருக்க, அது தாழ வந்து ஸ்டம்பைத் தட்டியது. எல்.பி.டபிள்யூ., போல்டு, மறுபடி எல்.பி.டபிள்யூ. அடுத்த சீசனுக்கு முன்னால் வெயில் காலம் முழுக்க எனக்குப் பந்து எறிந்து கொடுத்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஸ்கூட்டரில் வருவான். "முன்னால வாடா, பந்து உன்னக் கடிக்காது" என்பான். அவனுடைய ஆட்டத்தை அப்படியே எனக்கு எடுத்துக் கொடுத்தான். முன்காலை நீட்டக் கற்றுக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு முற்றி எரிச்சலாகிவிட்டது. அவன் நல்லவனாக இருப்பதே எனக்குக் கோபமாக வந்தது. வேண்டுமென்றே சண்டை பிடித்துப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தான்.

அந்த முன்கால் எனக்கு ஏழு சீசன் சோறு போட்டது. மாநில அணிக்கு மேலே யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடுகிற அளவு நான் பெரிய ஆட்டக்காரனும் இல்லை. ஒன்பதாவது சீசன் பட்டியலில் என் இடத்தில் வேறொருவன் பெயர் இருந்தது. அதைப் பேப்பரில் பார்த்தபோதுதான், இடம் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கே, அப்போது நான் குடியிருந்த குகட்பள்ளி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, சைனிக்புரியில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் கதவைத் திறந்தாள். அப்பா எங்கேம்மா என்றேன். "நான்ன வெனகால உன்னாரு" என்று தெலுங்கில் சொல்லிப் பின்பக்கத்தைக் காட்டினாள். ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தளர்ந்த ஆணி, சுத்தியல், வயிற்றுவலிப் பொய், ஒன்றையும் விடவில்லை.

"தெரியும்டா" என்றான். "கைக்கு, எதுக்குடா இப்ப இதெல்லாம்?"

"எப்பத் தெரியும்?"

"போய் நின்னதும் பாயை ரெண்டு தட்டு தட்டினேன்ல, அப்பவே. தொளதொளன்னு இருந்துச்சு."

"அப்ப அம்பயர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா, பாய் விரிச்சது யாருன்னு கேப்பான். கேப்டன் சொல்லித்தான் நீ செஞ்சிருப்ப, ஆனா அவரு 'நான் சொல்லல'ன்னுருவாரு. செக்ரட்டரி ஒரு வரி எழுதினா உன் வேலை போச்சு. நான் பர்மனென்ட். உனக்கு இன்னும் ஆறு மாசம் இருந்துச்சுல்ல."

அவன் துணியைப் பிழிந்து சுவரில் காயப் போட்டான். பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"ஆனா நீ ஒரு சிங்கிளாவது ஓடியிருக்கலாம்டா. மூணு தடவை கூப்பிட்டேன்."

அழுதுவிட்டேன். முப்பத்து மூன்று வயதில், சோப்பு நுரை ஓடுகிற சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு அழுதேன். அவன் குழாயை மூடிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். அவன் மனைவி தட்டுப் போட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.