செயலிழந்த அதிகாரிகள்

1. ஐந்து நிமிட வேலை

ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது ஒரு போஸ்டரின் வரைவு என் இமெயிலுக்கு வந்தது. எங்கள் அரசாங்க அலுவலகத்தில் தமிழ் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். நான் மொழிபெயர்ப்பாளன் அல்ல. பொதுமக்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் போடும் பிரிவில் சீனியர் ஆபீசர். ஆனாலும் தமிழன், அது போதும் அவர்களுக்கு. "மிஸ்டர் தனபாலன், ஃபைவ் மினிட்ஸ் ஒன்லி லா" என்பார்கள்.

பொதுச் சேவையில் உடற்குறையுள்ளோருக்கும் இடமுண்டு என்று சொல்லும் போஸ்டர் அது. நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கிலும் வாசகம். தமிழில் இப்படி: "எங்கள் செயலிழந்த அதிகாரிகளால் பெருமை அடைகிறோம்."

டிசேபிள்ட் என்பதை எந்த மெஷினில் போட்டு எடுத்தார்களோ தெரியவில்லை. கெட்டுப்போன லிஃப்டுக்கு மாட்டுகிற சொல்லை மனுஷர்களுக்கு மாட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் இடது கால் சிறு வயதிலேயே போலியோவில் போனது. முப்பது வருடமாக ஊன்றுகோலோடு இந்த அலுவலகத்துக்கு வந்துபோகிறேன். ஒரு நாள்கூடச் செயலிழக்கவில்லை.

வாசகத்துக்கு மேலே சிரித்த முகம் கல்பனாவுடையது. என் பிரிவில் இரண்டு வருட கன்ட்ராக்டில் இருப்பவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அந்த மாதக் கடைசியில் அவருடைய கன்ட்ராக்ட் முடிகிறது. நிரந்தரமாக்குவதா இல்லையா என்று முடிவெடுக்கும் குழுவில் நானும் ஒருவன்.

போஸ்டரை எடுத்துக்கொண்டு என் மேலாளர் ரவீந்திரன் அறைக்குப் போனேன். என்னைவிட வயதில் இளையவர். காரியம் ஆகவேண்டுமென்றால் நான் 'அண்ணே', இல்லாவிட்டால் 'மிஸ்டர் தனபாலன்'. அன்றைக்கு அண்ணே.

"தப்பத் திருத்தி அனுப்பிடுங்கண்ணே. அப்புறம், கல்பனா விஷயம். நல்ல பொண்ணுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா புது சிஸ்டம் அவங்களுக்கு ஒத்து வரல லா. கன்ட்ராக்ட் முடியுதில்ல, அப்படியே விட்டுடலாம்."

"போஸ்டர்ல அவங்க மூஞ்சி இருக்கே?"

"அது வேற டிபார்ட்மெண்ட்ண்ணே."

2. பட்டன், பட்டன், பட்டன்

சிஸ்டம் ஒத்து வரவில்லை என்றால் என்னவென்று சொல்கிறேன். கல்பனாவின் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டும், அவர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வார். எங்கள் பிரிவில் அவ்வளவு வேகமாக, அவ்வளவு மரியாதையாகக் கடிதம் எழுதுகிறவர் வேறு யாருமில்லை.

அவர் சேர்ந்த அதே வாரத்தில் புது சிஸ்டமும் வந்தது. அதில் பட்டன்கள் எல்லாம் வெறும் படங்கள், பெயர் கிடையாது. ரீடர் பாவம் என்ன செய்யும்? "பட்டன், பட்டன், பட்டன்" என்று வாசித்தது. எது அனுப்புவது, எது அழிப்பது? கண் தெரிந்தவனுக்குப் பிரச்சினையே இல்லை. கல்பனா மட்டும் ஒவ்வொரு கடிதம் முடிந்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டும்: "சாரி, கொஞ்சம் கிளிக் பண்ணிவிடுறீங்களா?"

ஐடி பிரிவுக்கு எழுதினார். "நோட்டட்" என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினார். மறுபடியும் நோட்டட்.

3. கையெழுத்து

குழுவில் மூன்று பேர்: ரவீந்திரன், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி, நான். படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். 'பணிக்குப் பொருத்தமில்லை. பிறர் உதவியைச் சார்ந்திருக்கிறார்.' அவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளினார்கள்.

பிறர் உதவியாம். குழி தோண்டியவனே விழுந்தவளைப் பார்த்து உனக்கு நடக்கத் தெரியவில்லை என்கிறான். கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டுக் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: "அதிகாரி பொருத்தமானவர். சிஸ்டம்தான் பொருத்தமில்லை. இரண்டு வருடமாக அவர் எழுத்துமூலம் கேட்டும் நாம் சரிசெய்யவில்லை."

ரவீந்திரன் வாசித்தார். "மிஸ்டர் தனபாலன், நீங்க இன்னும் அஞ்சு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. எதுக்கு இந்த வம்பு?"

"அதான் தைரியமா எழுதுறேன்" என்றேன்.

மூவரில் ஒருவர் கையெழுத்திடாவிட்டாலும் படிவம் மேலிடத்துக்குப் போயே தீரும். மேலிடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ஏன் சரிசெய்யவில்லை? அடுத்த வாரமே சிஸ்டம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கறிபப் பலகாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டே பட்டன் ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டார். இரண்டு மத்தியானம், அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் இரண்டு வருடமாக முடியாது, முடியாது என்றார்கள்.

கல்பனா நிரந்தரமானார்.

4. தேக்காவில்

நிரந்தரமாக்கிய கடிதம் கையில் கிடைத்த நாளில் நானும் கல்பனாவும் தேக்கா உணவங்காடிக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவர் சந்தோஷமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அங்கிள், நான் தேங்க்ஸ் சொல்லப் போறதில்ல. கோவிச்சுக்காதீங்க."

"ஏம்மா?"

"ஐடிக்கு எழுதுறதுக்கு முன்னாடியே உங்ககிட்டதான் வந்து சொன்னேன். மொத வாரம். 'கன்ட்ராக்ட்ல இருக்கறப்ப பிரச்சினை பண்ணாதம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னீங்க. நீங்க ஒரு தடவ எழுதுனதும் ரெண்டு நாள்ல முடிஞ்சிருச்சு. அன்னைக்கே ஏன் எழுதல?"

இதுவரை இதை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவருடைய குரலில் கோபம்கூட இல்லை, அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ரவீந்திரன் மீது எனக்குக் கோபம் உண்டு, அது போகாது. ஆனால் அவருக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். படியேற வழியில்லாமல் நின்றவன் நான். அப்படி இருந்தும், பல்லைக் கடித்துக்கொண்டு நான் சமாளித்ததையே அந்தப் பெண்ணுக்கும் புத்திமதியாகக் கொடுத்தேன்.

ஏன் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்று சொன்னால் அது பொய். பதில் இருக்கிறது. பயந்தேன். தகராறு பிடித்தவன் என்று பெயர் வந்துவிடுமே, இனி என்னைப் போன்ற இன்னொருவரை எடுக்க மாட்டார்களே என்று முப்பது வருடமும் பயந்தேன்.

எங்களைப் போல உடற்குறையோடு இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்களைப் போலவே ஒருவர் அலுவலகத்தில் முன்னே இருந்து, "பொறுத்துக்கொள்" என்று அன்பாகச் சொன்னால் கேட்காதீர்கள். அவர் உங்களைக் காப்பாற்றவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். நான் அதைத்தான் செய்தேன்.