இரண்டாவது ட்ரயல்

என் கணவருக்குக் கண் போனபோது வயது நாற்பத்தெட்டு. இருபது வருடமாக வாடகை வான் ஓட்டியவர். சீனி வருத்தம் முதலில் வலது கண்ணைத் தின்றது. ஒரு வருடத்துக்குள் மற்றக் கண்ணிலும் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. பள்ளிமுனையில் எங்கள் வளவுக்குள் வான் சும்மா நின்றது. விற்கச் சொன்னவர்களிடம் அவர், "கிளினிக்குக்கு என்னை ஆர் கொண்டுபோறது?" என்று கேட்பார்.

மாதம் ஒரு தடவை வவுனியாக் கிளினிக்குக்குப் போகவேண்டும். ஒரு முறை பஸ் படியில் கால் தவறி, சனத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் வாகனம் ஓட்டப் பழக்கும் லேர்னர்ஸில் பெயர் பதிந்தேன். எழுத்துச் சோதனை சுகமாகப் போயிற்று. ரோட்டில் ஓட்டிக் காட்டுகிற ட்ரயல்தான் என்னைப் பிடித்தது.

ட்ரயல் லேர்னர்ஸின் சின்னக் காரில் நடக்கும். சோதிக்க வருபவர் இடப்பக்கம் இருப்பார். பின் சீற்றில் அடுத்த முறைக்காக இரண்டு பேர் மூச்சு விடாமல் இருப்பார்கள். சோதிப்பவர் அதிகம் பேசமாட்டார். "எடுங்கோ", "இடது", "நிப்பாட்டுங்கோ", அவ்வளவுதான். என் முதல் ட்ரயலில், உப்புக்குளம் பக்கம் திரும்பியதும் நடு ரோட்டில் நான்கு கழுதைகள் நின்றன. மன்னாரில் கழுதை நிற்பது புதினமில்லை. நான் பிரேக்கை மிதித்தேன், கிளச்சை மிதிக்க மறந்தேன். எஞ்சின் நின்றது. பதற்றத்தில் கியரை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்ப, கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அவர் தன் பக்கத்துப் பிரேக்கை அடித்து நிறுத்தினார். ஒரு குட்டிக் கழுதையின் வயிறு கார் மூக்கில் முட்டிக்கொண்டு நின்றது.

"கழுதையால ஃபெயில் இல்லை அம்மா," என்றார். "நிண்ட எஞ்சினை நீங்கள் கியரிலயே ஸ்டார்ட் பண்ணினதால."

அன்று பின்னேரம் என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வானுக்குள்ள ஏறு," என்றார். பொழுது சாயப் பார்த்தது. அவர் செருப்பைக் காலால் தடவித் தேடிக்கொண்டு நின்றார். எனக்கோ உலையில் சோறு.

"செருப்பு வேண்டாம், ரெண்டு அடிதானே. வாங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

இடப்பக்கத்தில் அவரை இருத்தினேன். என் இடது முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நான் கிளச்சை மெல்ல விட, வான் நடுங்கத் தொடங்கியது. அவர் கை இறுகியது. "இந்த இடம். இதுக்கு மேல விடாத. பிரேக்கால காலை எடு." வான் ஒரு முழம் நகர்ந்தது. திரும்பவும். திரும்பவும். "எனக்கு இப்ப கால் மரத்துப்போச்சு, நிலமே தெரியாது. உனக்குத் தெரியுதெல்லே. பிறகென்ன பயம்?" அன்று அவர் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு.

மூன்றாம் நாள் வானைக் கூட்டப் போனேன். இடப்பக்க ரப்பர் விரிப்பில் கறுப்பாய் ஏதோ காய்ந்திருந்தது. ஒயில் என்று ஈரத்துணியால் துடைத்தேன். துணி சிவந்தது.

ஓடிப்போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் ஆணி குத்திய துளை. சுற்றி வீங்கி, மணக்கத் தொடங்கியிருந்தது.

"என்ன?" என்றார்.

"ஆணி குத்தியிருக்கு."

"எங்க குத்தினது? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

"எனக்கும் தெரியாது," என்றேன்.

மருந்து கட்டினார்கள். காய்ச்சல் வந்தது. விரல்கள் கறுத்தன. வவுனியா ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றபோது, அவர் தலையாட்டிக் கையெழுத்துக்காகப் பேனையைத் தேடினார். அடுத்த நாள் எனக்கு இரண்டாவது ட்ரயல். போகமாட்டேன் என்றேன்.

"போ. நீ இஞ்ச நிண்டு காலை ஒட்டப்போறியோ?"

அவருடைய தங்கச்சியை வார்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மன்னாருக்கு வந்தேன். அதே ஆள்தான் சோதித்தார். சீற்றைச் சரி செய்தேன், பெல்ட் போட்டேன், கண்ணாடிகளைப் பார்த்தேன். கண்ணை மட்டும் திருப்பினால் அவர்களுக்குத் தெரியாது, கழுத்தையே திருப்பவேண்டும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். திருப்பினேன். ஒழுங்கைக்குள் ரிவேர்ஸில் போனேன். ஒடுங்கிய ரோட்டில் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக மஞ்சள் கோட்டில் நின்றேன். பயமே வரவில்லை. அந்த அரை மணித்தியாலம் என் உடம்பில் ஒன்றுமே இருக்கவில்லை. அதனால்தான் ஒரு பிழையும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"பாஸ். எவ்வளவு அமைதியா ஓடுறீங்கள் அம்மா," என்றார் அவர். கடுதாசியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போகும்போது காலை எடுத்து முடித்திருந்தார்கள். வார்டில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காதருகில் குனிந்து சொன்னேன்.

"எத்தினை தரம் எஞ்சின் நிண்டது?"

"ஒருக்காலும் இல்லை."

"நல்லது," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று நானே வானைக் கொண்டுபோய் அவரை ஏற்றிவந்தேன். முன் சீற்றில்தான் இருப்பேன் என்றார். பறயனாலங்குளம் கழிந்ததும் ரோடு நேராகப் போனது. வாகனங்கள் குறைவு. என் முகத்தை அவரால் பார்க்க முடியாது என்று தெரிந்தும், ரோட்டைப் பார்த்தபடி சொல்வது எனக்குச் சுகமாக இருந்தது. விரிப்பில் இருந்த இரத்தத்தைச் சொன்னேன். செருப்பு வேண்டாம் என்று நான் இழுத்துப்போனதைச் சொன்னேன்.

"இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறாய்?" என்றார் அவர்.

முருங்கனில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி வந்ததும் கடல் மணத்தில் அவருக்கே இடம் தெரிந்திருக்கும். தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு வெளிக்கிட்டபோது, பின் சீற்றில் ஏற்றச் சொன்னார். கால் நீட்ட வசதி என்றார். அன்றிலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். நான் ஓட்டுகிறேன்.