கண்ணை மூடி ஆடியது நான்தான்

இன்று வடமதுரையில் கணவரின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் மைக்செட்காரர் வார்த்தையே இல்லாத டெக்னோ இசை ஒன்றை ஓடவிட்டார்.

வெளிநாட்டு இசைத் திருவிழாக்களில் இதற்குக் கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு, குதிகாலைத் தேய்த்து ஆடுவார்கள். கம்ப்யூட்டரில் நின்று நின்று ஓடும் வீடியோவைப் பார்த்து, எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய ஆட்டம் அது. இன்றுதான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் ஆடினேன்.

கூட்டம் விலகி இடம்விடுவது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

நெற்றியில் யாரோ விபூதி பூசவும் கண்ணைத் திறந்தேன். எதிரே மாமியார், கைகூப்பியபடி.

"ஆத்தா, யாரு வந்திருக்க? உனக்கு என்ன குறை வச்சோம், சொல்லு தாயி."

"சாமியெல்லாம் இல்ல அத்தை. நான்தான் ஆடுறேன்."

கூப்பிய கை இறங்கிவிட்டது.

"நீயாவா ஆடுன? இம்புட்டுப் பேரு முன்னால? போய் உக்காரு."

அதன்பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு வரும்போது பைக்கில் கணவர்தான் வாயைத் திறந்தார். "பேசாம சாமின்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

தை மாதம் நாத்தனார் கல்யாணம். அன்றைக்கும் ஆடத்தான் போகிறேன். எந்தச் சாமி பெயரைச் சொன்னால் கடைசிவரை ஆடவிடுவார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.