குழித்துறை என்று சொல்ல ஓர் எலும்பு

எனக்கு உறைத்த முதல் அறிகுறியில் வலி இல்லை, ரத்தம் இல்லை. மைதானம் முழுக்கச் சிரித்தது, அவ்வளவுதான்.

தேங்காப்பட்டணம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளுக்கு மைக்கில் வர்ணனை சொல்பவன் நான். மற்ற நாட்களில் மார்த்தாண்டத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு “குழித்துறை அணி முன்னேறுகிறது” என்று சொல்ல வாயைத் திறந்தேன். “குளித்துறை” என்று வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அதேதான்.

“எலே, எங்க ஊர ஏம்லே குளிக்க வைக்க?” என்று ஒரு குரல்.

“அவனுக்கு ஒரு சோப்பு குடுங்கடே!” என்று இன்னொன்று.

பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த நண்பன் ஜெபின் மைக்கைக் கையால் பொத்தினான். “மக்கா, மஞ்சச் சட்டைன்னு சொல்லு. சமாளிக்கலாம்.”

எதிரணி கீழ்குளம், அதிலும் அதே எழுத்து. அவர்கள் நீலச் சட்டை ஆனார்கள். ஆட்டம் முடியும்வரை நான் துணிக்கடைக்காரன் மாதிரி நிறங்களை மட்டும் கூவிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் படிக்கும்போது மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று போய்விட்டன. மணலில் பந்துக்குப் பாய்ந்தேன், ஜெபினின் முழங்கால் குறுக்கே வந்தது. அதற்குப் பிறகு கழற்றி மாட்டும் தகடுதான் (அண்ணத்தோடு ஒட்டி நிற்கும் பிளாஸ்டிக்கில் பதித்த செயற்கைப் பற்கள்). பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு தகடு ஆடத் தொடங்கியது. சிரித்தால் இறங்கியது, தும்மினால் வெளியே எட்டிப் பார்த்தது. அளவெடுத்துப் புதிதாக ஒன்று செய்து தந்தார்கள். அது அசையவில்லை, ஆனால் அண்ணத்தைத் தடிமனாக மூடிக்கொண்டது. ழ போனது அதனால்தான்.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். ள சொல்லும்போது நாக்கு மேலே போய்த் தொடுகிறது. ழ சொல்லும்போது அதே மாதிரி வளைந்து போய், தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. என் நாக்குக்கு நிற்க இடமில்லை. போன உடனே பிளாஸ்டிக்கில் முட்டியது.

மெல்லிய தகடு கேட்கத்தான் நாகர்கோவிலில் அந்தப் பல் டாக்டரிடம் போனேன். உம்மாவும் கூட வந்தாள். டாக்டர் தகட்டைக் கழற்றச் சொல்லி ஈறைத் தடவிப் பார்த்தார். முப்பரிமாண ஸ்கேன் (தாடை எலும்பைக் குறுக்கே வெட்டியது போலக் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பல் இருக்கும் இடத்தில் எலும்பு தடித்த சுவர் போல வெள்ளையாக நின்றது. பல் போன இடத்தில் கத்தி முனை.

“தகடு ஆடுனதுக்குக் காரணம் தகடு இல்ல தம்பி. அடியில எலும்பு கரைஞ்சிட்டிருக்கு. பல்வேர் போனா எலும்புக்கு வேலையில்ல, அது மெலிஞ்சிரும். மேல்தாடை இன்னும் சீக்கிரம் மெலியும்.”

“மெல்லிசா வேற தகடு?”

“தரலாம். எலும்பு இன்னும் போகும். அப்புறம் அதுவும் ஆடும்.”

அப்படியென்றால் மைக்கைக் கீழே வைத்துவிட வேண்டியதுதானா? கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, வழிகளைச் சொன்னார். இம்பிளாண்ட் (எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைத்தால் அண்ணத்தை மூடவே வேண்டாம். ஆனால் கத்தி முனையில் திருகு நிற்காது. பக்கத்துப் பற்களைச் செதுக்கிப் பாலம் கட்டலாம். நல்ல பற்கள் வீணாகும், எலும்பும் திரும்பாது. மூன்றாவது வழி எலும்பு ஒட்டு (மெலிந்த இடத்தில் எலும்புத் தூள் வைத்து மூடி, புது எலும்பு வளரவிடுவது). வளர்ந்த பிறகு திருகு.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்குக் கடைவாய்ப் பற்கள் போயிருக்கும். அங்கே பிரச்சினை வேறு. மேலே சைனஸ் (கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை) கீழிறங்கி வந்திருக்கும். அதன் தரையைச் சற்று உயர்த்தி எலும்பு நிரப்புவார்கள், அல்லது குட்டையான திருகு வைப்பார்கள். மேல்வரிசையே போய், எலும்பும் அறவே இல்லாதவர்களுக்குக் கன்ன எலும்பிலேயே நீளமான திருகைப் பிடிப்பிக்கும் முறையும் உண்டாம். எது யாருக்கு என்பதை ஸ்கேன்தான் முடிவு செய்யும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எலும்பு பிடிப்பது கடினம் என்றார். எனக்கு இரண்டும் இல்லை. இருந்தும் உறுதி தரமாட்டேன் என்றார். “பிடிக்கும்னு நம்புறேன். பிடிச்ச பிறகுதான் சொல்ல முடியும்.”

உம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “டாக்டரே, அந்தத் தூளு எதுக்க எலும்பு?”

“மாட்டு எலும்பைச் சுத்தம் பண்ணினது.”

“பன்னி ஒண்ணும் இல்லியே?”

“தூள்ல இல்லம்மா. மேல போர்த்துற சவ்வு சிலது பன்னியில இருந்து வரும். நல்ல வேளை கேட்டீங்க. மாட்டுச் சவ்வே வச்சிரலாம்.”

உம்மா என்னைப் பார்த்தாள். “பெருநாளைக்கு எவ்வளவு எலும்பக் களைஞ்சோம்! அதுல ஒரு துண்டு இவனுக்க வாய்க்குன்னு அன்னைக்குத் தெரியாமப் போச்சே.” டாக்டர் அப்போதுதான் சிரித்தார். உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

எலும்பு ஒட்டையே தேர்ந்தெடுத்தேன். அறுவைச் சிகிச்சையில் மரத்துப்போக ஊசி போட்ட வலிதான் வலி. அதன்பிறகு அழுத்தமும் சுரண்டும் சத்தமும் மட்டும். மறுநாள் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. ஜெபின் பார்க்க வந்தான். “கன்னுக்குட்டி வைப்பாவன்னு சொன்னாவ. முழு மாட்டையும் வச்சிட்டாவளா?”

டாக்டர் தந்த விதிகளில் ஒன்றுதான் எனக்குக் கொடுமை. தையலை நாக்கால் தொடக் கூடாது. நான் சும்மா இருக்கத் தெரியாதவன். ஒரு படத்தை முழுதாகப் பார்க்க மாட்டேன், ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பேன். நாக்கும் அப்படியே. கண்டுகொள்ளாமல் விட்டால் தையல் பக்கம் போய் நிற்கும். இழுத்துப் பிடித்து வைப்பேன். மறுபடி போகும்.

தையல் ஆறும்வரை தகடும் கூடாது என்பதால் ஓட்டை வாயோடு வீட்டிலேயே கிடந்தேன். கஞ்சியும் மசித்த மரச்சீனிக் கிழங்கும் அலுத்துப்போன ஒரு மத்தியானம் அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். “உம்மா, கோழிக் குழம்பு எப்போ தருவ?”

கரண்டிச் சத்தம் நின்றது. உம்மா வாசலுக்கு வந்தாள். “நீ இப்போ என்ன பறஞ்ச?”

“கோழி.”

“இன்னொருக்கா பறயி.”

“கோழி. குழம்பு. கிழங்கு. குழித்துறை!” ச-வும் த-வும் காற்றாக ஒழுகின. ழ மட்டும் குறையில்லாமல் நின்றது. அது போகவே இல்லை, மூடித்தான் கிடந்திருக்கிறது. எலும்பு பிடித்தால் அது வெளியிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும்.

பிறகு மாதங்கள். ஈறை அழுத்தாதபடி குடைந்து தந்த தகட்டை வகுப்புக்குப் போகும்போது மட்டும் மாட்டினேன். கண்ணாடியில் எதுவும் தெரியாது. எலும்பு வளர்கிறதா என்று உள்ளிருந்து ஒரு தகவலும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபின் கையில் மைக் இருந்தது. கோல் விழுந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து முடித்த பிறகுதான் அவன் “கோல்” என்பான்.

மறு ஸ்கேன் அன்று டாக்டர் திரையைத் திருப்பும்முன் நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றுவிட்டேன். கத்தி முனை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். “பிடிச்சிருச்சு தம்பி,” என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மாவின் உதடு அசைந்தது.

இரண்டு திருகுகள் வைத்தார்கள். எலும்பு அவற்றை இறுக்கிக்கொள்ள இன்னொரு காத்திருப்பு. பிறகு அந்த இரண்டின் மேல் மூன்று பற்கள். அண்ணத்தில் ஒன்றுமே இல்லை. முதல் நாள் நாக்கு அங்கே போய்ப் போய்த் திரும்பியது, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் வந்தவன் போல.

மைக்குக்குத் திரும்பிய ஞாயிறு ஆட வந்தது குழித்துறை அணி. கேப்டன் நேராக என் மேசைக்கு வந்தார். “முதல்ல எங்க ஊர் பேரச் சொல்லுடே. பிறவு இறங்குகோம்.”

மைக்கை உதட்டருகே கொண்டுபோனேன். “குழித்துறை!”

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: “குளிச்சுக் கரை ஏறியாச்சுலே!” மைதானம் மறுபடி சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வாயில் எதுவும் இறங்கவில்லை.

முன்பெல்லாம் மூச்சுவிடாமல் பேசுவேன், பந்து எங்கே போகும் என்று பந்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன். எலும்பு அவசரப்படவில்லை. அதன் கூட இருந்து இருந்து எனக்கும் கொஞ்சம் நிற்க வருகிறது. இப்போது பந்து காற்றில் இருக்கும்போது நான் பேசுவதில்லை. நாக்கு வளைந்து, தொடாமல், காத்து நிற்கிறது.